மூன்று ஊர், மூன்று சட்டை

“ஹனோய் நேத்தோட முடிஞ்சிச்சி. சட்டைய மாத்திக்கினு வாங்க, அடுத்தது ஹுவே” என்றாள் மனைவி ஜெனிட்டா.

கிருபாகரன் ஊருக்கு ஒன்றாக மூன்று சட்டை வைத்திருந்த பையிலிருந்து பூப்போட்ட நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனார். ஹனோயிலிருந்து ஹுவேக்கு ரயிலில் ஓர் இரவு ஆகுமாம். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், உவைஸ் பாயின் வியட்நாம் உணவகத்தில், பொத்தான் போடும் நேரம்தான் ஆயிற்று.

அணுபுரம் ஊழியர் குடியிருப்பில் அவரை வியட்நாமுக்கு வழியனுப்ப ஒரு பிளாக்கே கீழே இறங்கி வந்தது. அவர்தான் வரச் சொல்லியிருந்தார். மாலை போட்டார்கள், கையசைத்தார்கள். விமான நிலையத்தில் ஒரு பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும், இதில் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாலையோடு போனவர் மறுநாளே எப்படி வீடு திரும்புவது? மாமல்லபுரத்தில் அறை எடுத்தார்கள். அன்றிலிருந்து வியட்நாம் நேரப்படி, இங்கே விடியும் முன்பே எழுந்து, குடியிருப்பு வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் போட்டு வருகிறார்கள்.

எல்லாம் எதிர்வீட்டு வாசுதேவனால் வந்தது. போன வருடம் அவர் வியட்நாம் போய் வந்து, மனமகிழ் மன்றத்தில் படம் காட்டிப் பேசினார். நூடுல்ஸைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம். வடக்கே தெளிந்த ரசம், நடுவே காரம், தெற்கே இனிப்பு என்று அவர் அளந்துவிட்டபோது, முன்வரிசையிலிருந்த கிருபாகரனுக்கு வயிறு எரிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் இவருடைய பேச்சு. தலைப்பு: ‘வியட்நாம்: நான் கண்ட உண்மைகள்.’ சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டது. இந்த உண்மை மட்டும் வெளியே வந்தால், ஓய்வு பெறும்வரை குடியிருப்பில் தலைகாட்ட முடியாது.

நீலச் சட்டையில் திரும்பி வந்தவரைப் பார்த்து உவைஸ் பாயின் புருவம்கூட உயரவில்லை. சிவந்த ரசம் ததும்பும் கிண்ணத்தை வைத்தார்.

“ஹுவே ஐட்டம் சார் இது. மெளகா தூக்கலா கீது. அப்படியே எடுத்துக் குடிச்சிடாதீங்க, பொர ஏறிக்கும்.”

“இன்னா கறி பாய்?”

“மாடு. அங்க பன்னியும் போடுவாங்க. நம்ம கடைல கெடையாது.”

“நான் பன்னின்னே சொல்லிக்கிறேன். பேச்சு ஒரிஜினலா இருக்கணும்ல.”

“சாப்புடுறது மாடுதான் சார். பேசறது உங்க இஷ்டம்.”

கிருபாகரன் குச்சிகளை எடுத்தார். நூடுல்ஸ் ஏறியது, நழுவியது, நீலச் சட்டையில் விழுந்தது.

“ஏங்க, சாப்பிடுறீங்களா, ஸ்வெட்டர் பின்றீங்களா?”

“நீ போட்டோவ எடு.”

“தலைய லேசா சாய்ங்க. பின்னால ‘பரோட்டா மாஸ்டர் தேவை’ன்னு கீது. ஆங், மறைஞ்சிச்சி. சிரிங்க. ஏங்க, வியட்நாம்ல சிரிக்கிற மாரி சிரிங்க.”

படம் குழுவுக்குப் போனது. கீழே கிருபாகரனின் வரிகள்: ‘ஹுவே. அரண்மனைக்காரர்கள் உண்ட நூடுல்ஸ். ஆற்றங்கரைக் காற்றில் அருந்துகிறேன்.’ தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டது.

பி பிளாக் தேவசகாயம் கைதட்டினார். வரலட்சுமி செய்முறை கேட்டாள். வாசுதேவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

“அவர் பாத்துட்டாரா பாரு.”

“பாத்துட்டாரு. படிச்சவங்க லிஸ்ட்ல அவர் பேரு கீது.”

“பாத்துட்டு சும்மா கீறாரா? நேத்து ஹனோய் போட்டதுக்கே, கொத்தமல்லி கம்மியா கீதேன்னு கேட்டாரே!”

“அதாங்க எனக்கும் பேஜாரா கீது. அந்த ஊர்லாம் நேர்ல பாத்த மனுசன். எதுவோ கண்டுபுடிச்சிட்டாரு.”

கிருபாகரன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். ரசம் காரமே இல்லாததுபோல் இருந்தது.

“லோன் போட்டு நாளைக்கே நெஜமா போயிடலாமா?”

“எத்த வச்சி? பாஸ்போர்ட்டு?”

“அப்ப ஒண்ணு பண்ணு. எனக்கு வயித்தால போவுது, டாக்டர் உடனே ஊருக்குக் கெளம்பச் சொல்லிட்டாருன்னு போட்டுடு.”

“போட்டா பிளாக்கே ஹார்லிக்ஸ் தூக்கிக்கினு வந்துடும். ஞாயித்துக்கெழம பேச்சு?”

“பேச்சாவது! அந்த ஆளு முன்வரிசைல உக்காந்து கையத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும். இருவத்தெட்டு வருச சர்வீஸு, எல்லாம் போச்சி. கூப்புட்டு உண்மைய ஒத்துக்கலாம். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்.”

அப்போது கைப்பேசி சிணுங்கியது. குழுவில் அல்ல. வாசுதேவனிடமிருந்து தனிச் செய்தி. கிருபாகரன் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீயே படிச்சிடு.”

ஜெனிட்டா படித்தாள்.

“கிருபா, பின்னாடி நம்ம ஊரு சுவிட்ச் போர்டு தெரியுது, மத்தவங்க பாக்கறதுக்குள்ள படத்த எடுத்துடுங்க. கீழ எடுத்தா அப்பிடித்தான் மாட்டும், உவைஸ் பாய்கிட்ட என் பேரச் சொல்லுங்க, மாடிய தொறந்து விடுவாரு.”