குட்டையைப் பார்க்க வந்தவர்கள்

கல்லூரிக்குப் பின்னால் இருந்த குட்டைக்கு நாலு மாணவர்கள் நோட்டும் வலையுமாக வந்தார்கள். அவர்களைக் கண்டதுமே தவளை முட்டைகளின் பக்கம் தாவியது. அன்று காலைதான் அது அவற்றை இட்டிருந்தது.

"எல்லாரும் சேற்றுக்குள் போங்கள். ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது!"

"சுற்றுச்சூழல் படிக்கிற பிள்ளைகளாம் அக்கா. இங்கே யார் யார் இருக்கிறோமென்று எழுதத்தான் வந்திருக்கிறார்களாம்," என்றது நண்டு.

"வலையோடு வருகிறவன் எழுதவா வருவான்? உன் நடை மாதிரியே புத்தியும் கோணல். போ உள்ளே!"

நண்டு வளைக்குள் நுழைந்தது. தவளை பாசிக்கடியில் முட்டைகளோடு ஒட்டிக்கொண்டது. மாணவர்கள் மதியம்வரை தேடினார்கள்.

"ஒண்ணாவது இருக்கும்பா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்," என்று ஒரு பெண் மட்டும் கெஞ்சினாள். அவள் முகம் தவளைக்கு நேர் எதிரே இருந்தது. தவளை இமைக்கவில்லை. கடைசியில் அவளும், 'உயிரினம் எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனாள்.

"எப்படி ஏமாற்றினேன் பார்த்தாயா!" என்று குதித்தது தவளை.

மறுவாரம் முட்டைகளெல்லாம் தலைப்பிரட்டைகளாகி வாலாட்டிக்கொண்டிருந்தபோது, குட்டையைத் தூர்க்க மண் லாரி வந்து நின்றது. தவளை கரையேறித் தொண்டை கிழியக் கத்தியது.

"தவளை கத்துதே சார்," என்றார் டிரைவர்.

பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த மாணவர்களின் அறிக்கையைப் புரட்டினார்.

"இதுல இல்லையே. நீ கொட்டு."