கிழக்கே பொங்கிய பயறு

அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டிலும் அடுப்பு கிடையாது. தீக்குச்சி உரசினாலே கூரையிலுள்ள தீயணைப்புக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும். ஆனாலும் பூங்கோதையின் புதுச் சமையலறையில் ஒரு குறையும் இல்லை. ஊறிய நிலக்கடலை, தேங்காய், பேரீச்சை, வெள்ளரி, எலுமிச்சை என்று அலமாரி நிறைந்திருந்தது.

மாமியார் ருக்குமணி பால் செம்போடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏம்மிணி, அடுப்பில்லாத ஊட்டுல பால் எப்படிப் பொங்கும்? பொங்காத ஊட்டுல நான் ராத்தங்க மாட்டேன்.”

பூங்கோதைக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா இல்லாதவள். பிரசவம் வரை அத்தை கூடவே இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இருந்தும் அவள் பதறவில்லை.

“பொங்கியாச்சுங்கத்தை. வந்து பாருங்க.”

ஜன்னலோரம் ஒரு பித்தளைப் பானை இருந்தது. கொள்ளாத அளவுக்கு அவள் போட்டு வைத்த பச்சைப்பயறு முளைவிட்டு, விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

“இதென்ன கூத்து, பயறு பொங்குமா?” என்றபடி ருக்குமணி உள்ளே வந்தார். ஆனால் பழக்கம் விடவில்லை. “எந்தப் பக்கம் வழிஞ்சிருக்கு?”

“நீங்களே பாருங்கத்தை.”

கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தைத் தேடி வளைந்த முளைகள் அத்தனையும் அந்தப் பக்கமாகவே சரிந்திருந்தன. ருக்குமணி பானையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

“கள்ளி. வேணும்னே ஜன்னலோரமா வெச்சிருக்கே.”

“பால் பொங்கறப்ப மட்டும் நீங்க பானையைக் கிழக்கால சாய்ச்சு வெக்கலீங்களா?”

ருக்குமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பிடி பயறை அள்ளி மென்றார்.

“உப்புப் பத்தலை,” என்றார். “செரி, எனக்குக் கட்டில் எங்க போட்டிருக்கே?”