பிணை நின்றவர்கள்

புக்கிட் செலம்பாவில் உச்சி வெயில். மூடி போட்டபடியே கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு நான்கு பெண்கள் ஃபெலிசியாவின் வீட்டிலிருந்து இறங்குகிறார்கள். இவளோடு சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று தொழில்கடன் வாங்கிய குழு. ஒருத்தி கட்டாவிட்டால் பாக்கி நால்வர் தலையில் விழும். கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் விரல் படாமலே காரியம் நடக்கிறது. "மூணு வாரமா உன் பங்கையும் நாங்கதான் கட்டுறோம். இத வித்தாத்தான் சரிவரும். எங்க வூட்லயும் புள்ளைங்க இருக்குலா," என்று மூச்சிரைக்கிறாள் ஷம்சியா. நேற்றுவரை ஃபெலிசியாவிடம் மாவு வாங்கித் தோசைக்கடை போட்டவள். கிரைண்டர் முள்வேலியில் உரசிக் கிறீச்சிட, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. மூடியிடுக்கில் ஒழுகும் மாவுத்தண்ணீர் ஷம்சியாவின் பாஜு குரோங் உடையில் வெள்ளைக் கோடாக வழிகிறது. வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஃபெலிசியா, ஈரத்துண்டு போர்த்திய பேசினைக் காலால் மெல்ல பெஞ்சுக்கடியில் தள்ளுகிறாள். காலையில் கழுவுவதற்காகக் கழற்றிய குழவிக்கல் அதற்குள் கிடக்கிறது. கல் இல்லாத கிரைண்டரை எவனும் ஒரு வெள்ளிக்குக்கூட வாங்கமாட்டான். "பாத்து அக்கா," என்கிறாள், "பத்திரமா கொண்டுபோங்க."