விலாசினியின் பூட்டு

“ஒன்பது நாளு, ஒன்பது மெயில். அம்மா ஒருநாளுகூட பூட்ட மறக்கல்ல, சார்.”

பாறசாலை வீட்டிலிருந்து அனகா போனில் சொன்னாள். மறுமுனையில், திருவனந்தபுரத்தில், முதலாளி கிருஷ்ணன்குட்டி. அவருடைய சின்னக் கம்பெனியின் மெயில் மென்பொருளில், கடிதத்தைப் பூட்டி அனுப்பும் பொத்தானைச் சேர்த்தவள் அனகா. எட்டு மாத வேலை. கம்ப்யூட்டரையே தொடாத ஒருவர் துணையில்லாமல் பத்து நாள் பூட்டி அனுப்பிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பொத்தானும் வேண்டாம், அனகாவும் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

“சார்ஜாவில அப்பா திறந்து படிக்கதுண்டா?”

“பூட்டும்போ அடிச்ச வார்த்தையை அங்கயும் அடிச்சா திறந்துரும் சார். அதைப் போன்ல சொல்லிக் கொடுத்தா போதும்.”

“செரி. இன்னும் ஒருநாளு. பின்ன ஒன் வேலை ஸ்திரமாக்கும்.”

போனை வைத்தாள். கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர் முன்னால் அம்மா விலாசினி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, தெனமும் அப்பாவுக்கு என்னத்தையாக்கும் எழுதுத?”

“ஒன்கிட்ட சொல்லதுக்குன்னா நான் எதுக்கு பூட்டுதேன்?”

அனகாவுக்குச் சிரிப்பு வந்தது. இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

வாசலில் ஆட்டோ நின்றது. பெட்டியோடு இறங்கியவர் கருணாகரன். முகத்தில் நான்கு நாள் தாடி.

“அப்பா! சொல்லாம கொள்ளாம...”

“அம்மைக்கு என்ன மக்கா? ஆசுபத்திரியில ஏதும் சேத்திருக்கா?”

விலாசினி எழுந்து வந்தாள். அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“எடீ, ஒனக்கு ஒண்ணுமில்லியா? ஒன்பது மெயில் வந்துது, ஒண்ணுகூட திறக்கல்ல. பகல்ல போன் பண்ணினா, ‘எல்லாம் அதுல எழுதியிருக்கேன்’னு வச்சிருத. எனக்கு ஒறக்கமே போச்சு. அரபிகிட்ட கெஞ்சி லீவு வாங்கி ஓடி வாறேன்!”

அனகா கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தாள். ஒன்றுகூடத் திறக்கவில்லை. எட்டு மாதம்!

“அப்பா, அந்த வார்த்தையை சரியா அடிச்சியளா?”

“எந்த வார்த்தை?”

அனகா அம்மா பக்கம் திரும்பினாள். “சொல்லிக் கொடுக்க மறந்துட்டியா? நான் மூணு தடவை சொன்னேனே!”

“மறக்கல்ல, மக்கா.” விலாசினி அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். “‘ஒருக்கா வந்துட்டுப் போங்க’ன்னு மட்டும்தான் எழுதினேன். ஆறு வருஷமா கடுதாசியில பூட்டாம எழுதினதும் அதையேதானாக்கும். படிச்சாரு. வரல்ல.”