குருவிக் குஞ்சுக்கு ஒரு குல்லா

அணிலுக்குக் குரோஷா பின்னுவதென்றால் உயிர். பக்கத்துக் கிளைக் குருவிக்குக் குஞ்சு பொரிந்ததும், பரிசாகக் கொடுக்க மஞ்சள் நூலில் குல்லா பின்ன உட்கார்ந்தது. ஒரு கண்ணி கோணினாலும் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும்.

"மாமா, விளையாட வாங்களேன்!" என்று குஞ்சு தினமும் கூப்பிட்டது.

"இருடா கண்ணு, உனக்குத்தான் பின்னுறேன்" என்று அணில் குனிந்தபடியே சொல்லும்.

ஒருவழியாகக் குல்லா அப்பழுக்கில்லாமல் அமைந்தது. எடுத்துக்கொண்டு ஓடினால், கூட்டில் தாய்க்குருவி மட்டுமே இருந்தது.

"காலையிலதான் பறந்து போனான், அண்ணே. உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகணும்னு ரொம்ப நேரம் கூப்பிட்டான்."

அணிலின் கையில் குல்லா கசங்கியது.

"ஏம்மா, எங்கேயாவது எதிரே வந்தான்னா, எனக்கு அவனை அடையாளம் தெரியுமா?" என்று கேட்டது.