கோமாரிப் பக்கத்துப் பச்சை

பச்சை விளக்கு எரிந்ததை மக்கீனுக்கு முந்திக் கண்டது அவனுடைய தங்கை றம்ஸியாதான்.

கல்முனை ரெலிபோன் கோபுரத்தின் கீழே, மக்கீன் வேலைபார்க்கும் கருவி அறை வாசலில் முக்காட்டைப் பிடித்தபடி நின்றாள். கடல் ஊருக்குள் வந்துபோன நாளிலிருந்து அவளுக்கு அங்கேதான் இருப்பு. புருஷன் முனாப் அன்றைக்குக் கோமாரிக் கோபுரத்தில் டியூட்டி. பாலங்கள் உடைந்து கிடந்தன. அந்தப் பக்கத்துச் செய்தி எதுவுமே இல்லை.

வீட்டில் சாச்சிமார், புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவுக்கு வெள்ளைப் புடவை எடுத்துவைத்துவிட்டார்கள். மையித்தைக் காணாமல் வெள்ளை உடுக்கமாட்டேன் என்று அவள் ஒரே பிடி. சோறு இறங்கவில்லை. பால் வற்றி, கைப்பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

அவளைத் தேற்றப் போய்த்தான் மக்கீன் அந்த விளக்கைப் பற்றிச் சொன்னான். வாய் சும்மா கிடந்தால்தானே!

அந்தப் பக்கத்துச் சைகையை வாங்கும் கருவிக்குச் சொந்தமாக நேரக்கணக்கு இல்லை. கோமாரியிலிருந்து ஒன்றும் பூச்சியமும் மாறி மாறி வந்து விழ விழ, அந்த மாற்றத்தைப் பார்த்தே தாளம் பிடிக்கும். பிடித்தால் பச்சை. வரத்து நின்றால் தாளம் தப்பிச் சிவப்பு. அந்தப் பக்கம் ஆள் இருந்து கருவியைப் போட்டால் பச்சை எரியும் என்று சொல்லிவைத்தான்.

இத்தனை நாளும் சிவப்புத்தான்.

“காக்கா, அவரு இரிக்காரு. வெள்ளயத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க.”

“ஓம்” என்றான் மக்கீன்.

அவன் கொண்டுவந்து ஆறிப்போயிருந்த இடியப்பப் பார்சலை அவளே பிரித்தாள். வாசற்படியில் குந்தி, அழுதுகொண்டே அள்ளி அள்ளித் தின்றாள்.

மக்கீனின் கை கருவியின் முதுகுப்பக்கம் நின்றது. இங்கேதான் ஏதும் பழுதோ என்று பார்க்க, சற்று முன் அதன் அனுப்பும் வாயையும் வாங்கும் வாயையும் ஒரு முழ வயரால் இணைத்திருந்தான். எப்போதும் செய்யும் சோதனைதான். பழுது இல்லை. கருவி தான் அனுப்பியதையே வாங்கி, தன் தாளத்தையே பிடித்துக்கொண்டது.

வயரைக் கழற்றினால் சிவப்பு.

தின்று முடிக்கட்டும் பாவம் என்று கையை எடுத்துக்கொண்டான்.

இந்த நேரம் பார்த்து முனாப் கோமாரியில் கருவியைப் போட்டாலும், இந்த வயர் கிடக்கும்வரை அது இங்கே வந்து சேராது. இதே பச்சைதான் எரிந்துகொண்டிருக்கும்.