சுலபமான ஆறு பாட்டு

"இதுக்கு மூணு விரல் வெக்கணுமா சார்? அப்ப வேணாம், அடிச்சிடுங்க."

ரெனால்ட் பேனாவை மூடி வைத்தான். அது அவன் காகிதத்தில் குறித்த நாலாவது பாட்டு. முதல் மூன்றும் ஏற்கெனவே போய்விட்டன.

எதிரே உட்கார்ந்திருந்த நிசார் அஹமதுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆம்பூரில் ஸ்டேஷனரிக் கடையும் எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் கடை மாடியில் ஐந்து பேர் சேர்ந்து கிடார் வாசிப்பார்களாம். அவர்களுக்கு ஆறு பாட்டுப் பொறுக்கித் தரவேண்டும் என்று பஸ் பிடித்து வேலூருக்கு வந்திருந்தார்.

ரெனால்ட் ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷனில் குமாஸ்தா. சர்ச்சில் பதினைந்து வருஷமாகக் கிடார் வாசிக்கிறான்.

"எத்தினி மாசமா கத்துக்கறாங்க பாய்?"

"எட்டு மாசம் ஆவுது சார்."

"எட்டு மாசமா ரெண்டு விரலா? எங்க அக்கா பொண்ணு மூணே வாரத்துல மூணு விரல் வெச்சி வாசிச்சா. கொஞ்சம் வலிக்கும், பழகினா சரியாப் போவும். வலிக்குதுன்னு விட்டா எப்டி?"

நிசார் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு விரல்ல வர்ற பாட்டா குடுங்க சார். எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கணும். ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்க கூடச் சேந்து பாடணும். மாதா கோயில் பாட்டா இருந்தாலும் சரி. எங்ககூட மோசஸ் இருக்கார்."

டீ கொண்டுவந்த ஹெப்சி கணவனைப் பார்த்தாள். "அவர் கேக்கறதத்தான் எழுதிக் குடுங்களேன். இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு?"

ரெனால்ட் மறுபடி பேனாவைத் திறந்தான். கிடாரில் இரண்டே விரலால் கம்பியை அழுத்திப் பிடிக்கிற இடங்கள் மிகக் குறைவு. அதற்குள் அடங்கும் பாட்டாக யோசித்து யோசித்து எழுதினான். ஒரு தாலாட்டு, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாடிய பாட்டு ஒன்று, கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று, பழைய சினிமாப் பாட்டு இரண்டு. ஐந்துக்கு மேல் ஓடவில்லை.

"இது சரிப்படாது பாய். வர்ற ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். ஒரு மணி நேரம் குடுங்க, மூணு விரல் வெக்க வெச்சிடறேன்."

நிசாரின் முகம் மாறியது. "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?" என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் இறங்கி, கடையைக் கண்டுபிடித்து, மாடிப்படி ஏறும்போதே பாட்டுக் கேட்டது. அவன் எழுதிக் கொடுத்த தாலாட்டு. ரெனால்ட் பாதிப் படியில் நின்றான். அத்தனை கிடாரும் ஒரே தாளத்தில் போயின. ஒருவர்கூட முந்தவோ பிந்தவோ இல்லை. இவ்வளவு தாளம் தெரிந்தவர்களுக்கு மூன்றாவது விரல் வைக்க என்ன சோம்பல்? மீதிப் படிகளை வேகமாக ஏறினான்.

"வாங்க சார், வாங்க!"

தரையில் விரித்திருந்த பாயிலிருந்து ஒருவர் கிடாரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து சலாம் சொன்னார். ஜான் பாஷா என்று பெயர் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்காலியைப் பிடித்த அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் இருந்தன. கட்டை விரல் பாதி இருந்தது.

ரெனால்ட் மற்றவர்களைப் பார்த்தான். மோசஸுக்கு மோதிர விரல் இல்லை. கவுஸ் பாஷாவுக்குச் சுண்டு விரல் இல்லை. தில்ஷாத் என்ற பெண்ணுக்கு நடுவிரல் முதல் கணுவோடு நின்றிருந்தது.

அவன் நாற்காலியில் உட்காராமல் பாயிலேயே உட்கார்ந்தான்.

"டேனரி மெஷின் சார்" என்றார் ஜான் பாஷா சாதாரணமாக. "தோல்ல ஒட்டியிருக்கிற சதைய எடுக்கறது. எனக்குத்தான் ரொம்பக் கம்மி. இவங்களால மூணு வெக்க முடியும். ஆனா எனக்கு வர்றதுதான் எல்லாருக்கும்னு பேசி வெச்சிருக்கோம்."

ரெனால்ட் நிசாரிடம் திரும்பினான். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாய்? நான் இன்னான்னவோ பேசிட்டேன்."

"இதுக்கு முன்னாடி ரெண்டு வாத்தியார்கிட்ட சொன்னேன் சார். அவங்களுக்குக் கிடார் எதுக்கு, கஞ்சிரா தட்டச் சொல்லுங்கன்னாங்க. அதான் சொல்லல."

"ஆறாவது பாட்டு நான் தர்றேன்" என்றான் ரெனால்ட். கிடாரை வாங்கி இரண்டு விரலால் வாசித்துக் காட்டினான். அவன் தெருவில் குழந்தைகள் பாடும் விளையாட்டுப் பாட்டு. இரண்டாம் தடவையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். தில்ஷாத் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

வாசித்து முடித்தபோதுதான் ரெனால்ட் கவனித்தான். நிசாரும் இரண்டு விரலால்தான் வாசித்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு விரல்களும் நன்றாகவே இருந்தன. அவற்றை மடக்கி உள்ளங்கையோடு ஒட்டி வைத்திருந்தார்.

"உங்களுக்கு எல்லா விரலும் இருக்குதே பாய். நீங்களாவது முழுசா கத்துக்கலாமே? நான் சொல்லித் தர்றேன்."

"நாங்களும் எவ்ளவோ சொல்லிட்டோம் சார், கேக்க மாட்டேங்கறார்" என்றார் ஜான் பாஷா.

நிசார் மடக்கிய விரல்களைப் பிரிக்கவில்லை.

"எப்டி சார் வெப்பேன்? ஆர்டர் லேட்டாவுதுன்னு அந்த மெஷினோட தடுப்பைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்ன சூப்பர்வைசர் நான்தான்."